கோட்டை போனால் குடி முழுகிவிடுமா?

கைக்கு எட்டியதை நழுவவிட்டவனைப் பார்த்து 'கோட்டை விட்டான்' என்கிறோம். தேர்வோ, வேலையோ, நிலத் தகராறோ, எதில் தோற்றாலும் அதே சொல்தான். கோட்டை போனால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. அதனால்தான் 'தலைநகர் வீழ்ந்தது' என்று செய்தி வந்ததுமே போர் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சில போர்கள் உண்மையிலேயே அதோடு முடிந்திருக்கின்றன. வேறு சில அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

எதிரி இரண்டு நாள் நடை தூரத்துக்கு வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசனை மண்டபத்தில் விளக்கு அணையவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நகருக்குள் நின்று கடைசிவரை காப்பது ஒன்று. நகரை விட்டுவிட்டு வெளியே போய்ப் போரைத் தொடர்வது இன்னொன்று. சாவியைக் கொடுத்து, கிடைக்கிற நிபந்தனையை வாங்கிக்கொள்வது மூன்றாவது. பெரும்பாலான சமயங்களில் என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். ஆனால் அதில் ஒரு பெரிய 'ஆனால்' உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

படை, குடி, கூழ் (அதாவது பொருள் வளம்), அமைச்சு, நட்பு, அரண் என்று அரசுக்கு ஆறு உறுப்புகளைச் சொல்வது நம் மரபு. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தலைநகர் விழும்போது நிச்சயமாகப் போவது அரண் ஒன்றுதான். மற்ற ஐந்தில் எத்தனை அதோடு சேர்ந்து எதிரியின் கைக்குப் போகின்றன என்பதில்தான் போரின் முடிவு இருக்கிறது.

கண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர், ஒரே அரசன், ஒரே எதிரி. 1803 பிப்ரவரியில் ஜெனரல் மக்டோவல் தலைமையில் பிரிட்டிஷ் படை கண்டிக்குள் நுழைந்தபோது ஊரில் ஆளில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்காட்டுக்குள் பின்வாங்கியிருந்தான். நகரின் பல இடங்களில் தீ எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் முத்துசாமி என்பவரை அரியணையில் உட்காரவைத்து, ஒரு காவல் படையையும் விட்டுப் போனார்கள். அரியணை இருந்தது, அதில் ஓர் ஆளும் இருந்தார், ஆனால் அவர் சொல்லைக் கேட்கக் குடிகள் யாரும் வரவில்லை. காய்ச்சல் மட்டும் வந்தது. பிறகு மழை வந்தது. ஜூன் மாதத்தில் சுற்றி வளைக்கப்பட்ட மேஜர் டேவியின் படை நகரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடியதால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. கரையிலேயே அவர்கள் கதை முடிந்தது. முத்துசாமியை அரசன் கொன்றான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815 பிப்ரவரியில், அதே கண்டி மீண்டும் விழுந்தது. இந்த முறையும் அரசன் நகரை விட்டு வெளியேறினான். வழியில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் எகலப்பொல போன்ற பெரும் பிரதானிகள் அதற்கு முன்பே அவனைக் கைவிட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே அவனுடைய சொந்தக் குடிகளே அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி பிரதானிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அரசன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832-ல் அங்கேயே இறந்தான். 1803-ல் அரண் மட்டும் போயிற்று. 1815-ல் அமைச்சும் குடியும் முன்னமே போயிருந்தன. நகரம் கடைசியாக விழுந்த காய், அவ்வளவுதான்.

தலைநகரை விட்டுப் போவது என்றதும் எல்லோரும் நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்த 1812-ஐத்தான் சொல்வார்கள். ஒரு திருத்தம்: அப்போது ரஷ்யாவின் தலைநகர் மாஸ்கோ அல்ல, பீட்டர்ஸ்பர்க். மாஸ்கோ பழைய தலைநகர், மக்கள் மனத்தில் தாய்நகர். போரதினோ சண்டை முடிந்த ஆறாவது நாள், செப்டம்பர் 13 அன்று, ஃபீலி கிராமத்தில் ஒரு குடியானவரின் குடிசையில் தளபதிகள் கூடினார்கள். நின்று சண்டையிடுவோம் என்றார் பென்னிக்சன். பார்க்ளே பின்வாங்கச் சொன்னார். படை மிஞ்சினால் மாஸ்கோவை மீட்கலாம், படையே போய்விட்டால் மாஸ்கோவும் போகும் ரஷ்யாவும் போகும் என்ற கணக்கில் தலைமைத் தளபதி குதுசோவ் பின்வாங்கும் முடிவை எடுத்தார். மறுநாள் நகரின் எல்லைக்கு வந்த நெப்போலியன், வழக்கம்போல் பெரியவர்கள் சாவிக்கொத்தோடு வந்து வணங்குவார்கள் என்று காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. நகரம் பற்றி எரிந்தது. சமாதானம் கேட்டு ஜார் அலெக்சாந்தருக்கு ஆளனுப்பினான், பதில் இல்லை. 35 நாள் காத்திருந்துவிட்டு அக்டோபர் 19 அன்று கிளம்பினான்.

அந்த 35 நாளில் அவனுக்குக் கிடைக்காமல் போனது சமாதானத்துக்கான ஒரு கையெழுத்து. வியன்னாவில் அவனுக்கு அது கிடைத்தது, ஆனால் நகரைப் பிடித்ததால் கிடைக்கவில்லை. 1805-ல் வியன்னாவுக்குள் நுழைந்த பிறகும் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் வெல்ல வேண்டியிருந்தது. 1809 மே மாதம் மீண்டும் வியன்னாவைப் பிடித்தான். பத்து நாளுக்குள் ஆஸ்பெர்ன் அருகே உதை வாங்கினான். ஜூலையில் வாக்ராம் களத்தில் வென்ற பிறகுதான் ஆஸ்திரியா இறங்கி வந்தது. நகரம் கையில் இருக்க, ஆற்றின் மறுகரையில் எதிரியின் படை உயிரோடு நிற்பது எப்படிப்பட்ட தலைவலி என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவன் இருக்க முடியாது. அறிந்தும் மாஸ்கோவில் காத்திருந்தான் என்பதுதான் வியப்பு.

வெளியேறுவது என்றால் ராஜா குதிரையேறிப் போவது மட்டுமல்ல. எதை எடுத்துக்கொண்டு போவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 1940 ஏப்ரல் 9-ஆம் தேதி விடிவதற்கு முன் ஜெர்மானியர்கள் டென்மார்க் மீதும் நார்வே மீதும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். கோபன்ஹேகனில் துருப்புக் கப்பல் நேராகத் துறைமுகத்தில் வந்து நின்றது. அரசரும் அமைச்சர்களும் நகருக்குள்ளேயே இருந்தார்கள். சில மணி நேரத்தில் டென்மார்க் பணிந்துவிட்டது.

ஓஸ்லோவுக்கு வந்த கப்பல் வரிசையின் தலையில் புளூஹர் என்ற புத்தம்புதிய போர்க்கப்பல் இருந்தது. அரசரையும் அரசாங்கத்தையும் மடக்குவதுதான் நோக்கம். கடற்கழியின் குறுகலில் ஓஸ்கார்ஸ்போர்க் என்றொரு பழைய கோட்டை. அதில் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் செய்த பீரங்கிகள். கர்னல் எரிக்சன் சுடச் சொன்னார். இரண்டு குண்டுகளும் பட்டன. கரையிலிருந்து ஏவிய டார்ப்பிடோக்களும் தாக்க, புளூஹர் மூழ்கியது. மற்ற கப்பல்கள் திரும்பின. நகரம் தப்பவில்லை, விமானத்தில் வந்திறங்கிய துருப்புகள் அன்று பிற்பகலே ஓஸ்லோவைப் பிடித்தார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் மன்னர் ஹாக்கோனும் நாடாளுமன்றமும் ரயிலேறி வடக்கே போய்விட்டார்கள். மத்திய வங்கியின் தங்கம், சுமார் 50 டன், லாரிகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு வெளியேறியது. தன் ஆதரவாளரான குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்க வேண்டும் என்று ஜெர்மனி கேட்டபோது, முடியாது என்று சொல்வதற்கு வெளியே ஒரு மன்னர் இருந்தார். ஜூனில் நாடு முழுவதும் போய்விட்டது. மன்னர் லண்டனுக்குப் போனார். ஆனால் நார்வேயின் வணிகக் கப்பல்கள், ஏறத்தாழ ஆயிரம், அவருடைய அரசாங்கத்தின் பெயரில் நேச நாடுகளுக்காக ஓடின. ஒரு பழைய பீரங்கி நகரைக் காப்பாற்றவில்லை, நாட்டின் முத்திரையைக் காப்பாற்றியது.

டென்மார்க்கைக் கோழை என்று சொல்லி முடித்துவிடுவதும் நியாயமல்ல. சமவெளி நாடு, ஒளிய இடமில்லை. பணிந்ததால் 1943 ஆகஸ்டு வரை ஏதோ ஓர் அரசாங்கம் அங்கே நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை டேனியர்கள் படகேற்றி சுவீடனுக்கு அனுப்ப முடிந்தது. சாவியைக் கொடுக்கும் வழி குடிகளைக் காக்கும் என்று வாதிடுபவர்களிடம் இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் டென்மார்க் விடுதலையானது மற்றவர்கள் போரைத் தொடர்ந்ததால்தான். எல்லோரும் சாவியைக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

எடுத்துப் போவதில் சீனர்கள் செய்தது வேறு அளவு. ஜப்பானியப் படை நெருங்கிய 1937 நவம்பரில் சியாங் கை-ஷேக்கின் அரசு நான்ஜிங்கிலிருந்து சோங்சிங்குக்கு மாறுவதாக அறிவித்தது. இயந்திரங்களைக் கழற்றி யாங்சி ஆற்றில் ஏற்றினார்கள். 1938 இலையுதிர் காலத்தில் யீச்சாங் துறையில் தொழிற்சாலைகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. பள்ளத்தாக்குகளில் நீர் வற்றுவதற்குள், ஏறத்தாழ 40 நாளில், லூ சுவோஃபூ என்ற கப்பல் முதலாளியின் படகுகள் அவற்றில் பெரும்பகுதியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தன. பல்கலைக்கழகங்கள்கூட நடந்தே இடம் மாறின. அந்த அரசு 1945 வரை தாக்குப்பிடித்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மெக்சிகோவின் அதிபர் ஹுவாரெஸுக்கு அந்த வசதியும் இல்லை. 1863-ல் பிரெஞ்சுப் படை தலைநகருக்கு வந்தபோது தன் அரசாங்கத்தை ஒரு குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு வடக்கே ஓடினார். கடைசியில் அமெரிக்க எல்லையோரம் வரை போய்விட்டார். தேசத்தின் ஆவணங்களை வழியில் ஒரு குகையில் ஒளித்துவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த மாக்சிமிலியன் தலைநகரில் பேரரசராக வீற்றிருந்தார். 1867-ல் சுடப்பட்டது மாக்சிமிலியன். தலைநகருக்குத் திரும்பியது ஹுவாரெஸ். அதே நகரை அதற்கு முன் 1847-ல் அமெரிக்கர்கள் பிடித்தபோது வேறொரு சங்கடம். நகரம் கையில் இருக்கிறது, சமாதானத்தில் கையெழுத்திட ஓர் அரசாங்கம் இல்லை. கெரேத்தரோ ஊரில் ஓர் அரசாங்கம் கூடி நிற்கும்வரை காத்திருந்து, 1848 பிப்ரவரியில்தான் உடன்படிக்கை கையெழுத்தானது. தலைநகரைப் பிடிப்பவன் யோசிக்க வேண்டிய கேள்வி இது: எதிரியின் அரசைச் சிதறடித்துவிட்டால் யாரிடம் சரணாகதி வாங்குவது?

இவ்வளவு சொன்னாலும், வெளியேறும் வழிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் ஆலோசனை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு நடந்த போரில், 1900 ஜூன் 5 அன்று பிரிட்டிஷார் அவர்கள் தலைநகர் பிரிட்டோரியாவைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே போயர் தலைவர்கள் தங்கத்தோடு நகரை விட்டுப் போய்விட்டார்கள். போர் முடிந்ததாக நினைத்துத் தளபதி ராபர்ட்ஸ் ஊர் திரும்பினார். 1902 மே 31 வரை அது முடியவில்லை. அந்த இரண்டாண்டில் பண்ணை வீடுகள் கொளுத்தப்பட்டன. முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளுமாக 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களின் சாவுகளை அப்போது யாரும் ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. கடைசியில் போயர்கள் கையெழுத்திட்டதற்கு அந்த முகாம்களும் ஒரு காரணம். அரண் போயும் நிற்கலாம். குடியே அழிந்துகொண்டிருக்கும்போது நிற்பது கடினம்.

இனி, நின்று காப்பது. நொச்சி சூடி மதிலைக் காத்தவர்களை நம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வெளியே ஒரு படை இல்லாமல் உள்ளே நிற்பது சாவைத் தள்ளிப்போடுவதே. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-65-ல், தெற்கு மாநிலங்கள் தங்கள் தலைநகர் ரிச்மண்டைக் காக்க, தளபதி லீயின் படையை ஒன்பது மாதத்துக்கு மேல் அருகிலிருந்த பீட்டர்ஸ்பர்க் (ரஷ்ய நகரல்ல, அதே பெயருள்ள அமெரிக்க ஊர்) பதுங்குகுழிகளில் அடித்துவைத்த ஆணி போல நிறுத்தினார்கள். நகர்ந்து சண்டையிடுவதுதான் அந்தப் படையின் பலம். ஏப்ரல் 2-ஆம் தேதி கோடு உடைந்தது, அடுத்த நாள் ரிச்மண்ட் போனது, 9-ஆம் தேதி லீ சரணடைந்தார். 1870-ல் பாரிஸ் நான்கு மாதத்துக்கும் மேல் ஜெர்மானியரின் முற்றுகையில் நின்றது. உள்துறை அமைச்சர் கம்பெத்தா பலூனில் ஏறி வெளியே போய்ப் புதுப் படைகளைத் திரட்டினார். அவற்றால் முற்றுகையை உடைக்க முடியவில்லை.

நிற்பது சரியாக அமைந்த இடங்களும் உண்டு. 1941 மாஸ்கோ வெறும் பெயருக்குத் தலைநகராக இல்லை. நாட்டின் ரயில் பாதைகள் சக்கரத்தின் ஆரங்கள் போல அங்கேதான் கூடின. அது போனால் படைகளை நகர்த்துவதே திண்டாட்டம். அங்கே செய்தது இரண்டு வழிகளையும் கலந்த ஒன்று: அமைச்சகங்களை அக்டோபர் நடுவில் கிழக்கே குய்பிஷெவ் நகருக்கு அனுப்பிவிட்டு ஸ்டாலின் நகரிலேயே தங்கினார். 16-ஆம் தேதி காலை மெட்ரோ ரயில் ஓடவில்லை என்பதைக் கண்டதும் மக்கள் நடுங்கிப்போய் கிழக்கே போகும் சாலைகளில் நெரிந்தார்கள். ஆனால் நகருக்குப் பின்னால் புதுப் படைகள் வந்துகொண்டிருந்தன. டிசம்பர் 5 அன்று எதிர்த்தாக்குதல் தொடங்கியது. 2022-ல் கீவ் நகரமும் நின்றது. அதிபர் போகாததும், ரஷ்யர்களால் நகரைச் சுற்றி வளைக்க முடியாததும் சேர்ந்தே அதைக் காப்பாற்றின. ஒன்று மட்டும் இருந்திருந்தால் போதியிருக்காது என்பது என் கருத்து.

ஊரே நாடாக இருந்தால் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. 1204-ல் கான்ஸ்டாண்டினோபிள் விழுந்தபோது பைசாந்தியப் பேரரசுக்கு வெளியே நிலம் இருந்தது. நைசீயாவில் வேரூன்றி 1261-ல் நகரை மீட்டார்கள். 1453-ல் மதிலுக்கு வெளியே நகரை மீட்கும் பலமுள்ள நிலம் எதுவும் மிச்சமில்லை.

சாவியைக் கொடுப்பது என்ற வழிக்கு பாரிஸ் இரண்டு முறை பாடம் எடுத்திருக்கிறது. 1814 மார்ச் 31 அன்று நேசப் படைகள் உள்ளே வந்தபோது நெப்போலியன் படையோடு வெளியேதான் இருந்தான். இங்கே ஆறு உறுப்புகளில் கெட்டது அமைச்சு. அவனுடைய முன்னாள் வெளியுறவு அமைச்சர் தாலிராண்ட் நகரிலேயே தங்கி, செனட்டைக் கூட்டி, அவனைப் பதவியிலிருந்து இறக்கினார். ஃபோந்தென்புளோவில் அவனுடைய மார்ஷல்களே இனி நடக்கமாட்டோம் என்றார்கள். 1940 ஜூன் 14 அன்று, திறந்த நகராக (காக்கப்படாத நகராக) அறிவிக்கப்பட்டிருந்த பாரிஸ் சண்டை இல்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. அதனால் நகரம் பிழைத்தது. அழகான கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கடற்படை கைபடாமல் இருந்தது, வட ஆப்பிரிக்கா இருந்தது. அரசு இடம்பெயர்ந்திருந்த போர்தோவில் அமைச்சர்கள் அடித்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தொடரலாம் என்ற பக்கம் தோற்றது. 16-ஆம் தேதி பிரதமர் ரெய்னோ விலகினார், அவர் இடத்துக்குப் பெத்தேன் வந்தார், 22-ஆம் தேதி ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்து. பாரிஸ் போனதால் பிரான்ஸ் பணிந்தது என்று சொல்வதைவிட, படை உடைந்து மனமும் உடைந்த பிறகு பாரிஸ் ஒரு சாக்கு ஆனது என்று சொல்லலாம்.

1975-ல் சைகோன், 2021-ல் காபூல் ஆகியவையும் இந்த வரிசையில்தான் வரும். அங்கே நகரம் விழுந்ததால் படை கலைந்ததாக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நடந்தது தலைகீழ்: மாகாணங்களில் படை கரைந்த பிறகு தலைநகரில் காக்க ஆளில்லை. அந்த நாட்கள் நாட்காட்டியில் குறிக்க வசதியானவை, அவ்வளவே. மாறாக, சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியதும் கார்த்தூமின் பெரும்பகுதியை ராணுவம் இழந்தது. அரசு செங்கடலோரம் போர்ட் சூடானுக்குப் போனது. 2025 மார்ச்சில் ராணுவம் அதிபர் மாளிகையை மீட்டது. இழந்தபோதும் போர் முடியவில்லை, மீட்டபோதும் முடியவில்லை.

ஆகவே அந்த ஆலோசனை மண்டபத்தில் எனக்கும் ஓர் ஆசனம் இருந்தால், மதிலின் உயரத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன். வெளியே படை இருக்கிறதா, சம்பளம் கொடுக்கப் பணம் வெளியே போய்விட்டதா, கையெழுத்திடும் உரிமை உள்ளவர்கள் எல்லோரும் போகத் தயாரா, தாலிராண்ட் போல ஒருவர் பின்தங்கப் பார்க்கிறாரா என்றுதான் கேட்பேன். மூன்று 'ஆம்' வந்து, கடைசிக் கேள்விக்கு 'இல்லை' வந்தால், கிளம்புவோம். நகரமே ரயில் முடிச்சாகவோ முழு நாடாகவோ இருந்தால் நிற்போம். படையும் பணமும் ஏற்கெனவே போயிருந்தால், மக்கள் சாகாமல் இருக்கச் சாவியைக் கொடுப்பதே மேல்.

அரைகுறைதான் எல்லாவற்றிலும் மோசம். நான்ஜிங்கில் அரசு போய்விட்டது. நகரைக் காப்போம் என்று தளபதி தாங் ஷெங்சீ நின்றார். பின்வாங்கும் எண்ணமே யாருக்கும் வரக்கூடாது என்று படகுகள் அப்புறப்படுத்தப்பட்டன. டிசம்பர் 12 மாலை பின்வாங்கும் உத்தரவு வந்தது. தளபதி ஆற்றைக் கடந்துவிட்டார், படைவீரர்கள் படகில்லாத கரையில் முண்டியடித்தார்கள். மறுநாள் ஜப்பானியர் நுழைந்தார்கள். அதன்பின் வாரக்கணக்கில் அந்த ஊரில் நடந்தது உலகுக்குத் தெரியும்.

அந்த 'ஆனால்' என்று முதலில் சொன்னது நேரத்தைப் பற்றியது. கொரியப் போரில் தென்கொரியத் தலைநகர் சியோல் ஒரு வருடத்துக்குள் நான்கு முறை கைமாறியது: 1950 ஜூனில் போனது, செப்டம்பரில் வந்தது, 1951 ஜனவரியில் போனது, மார்ச்சில் வந்தது. அந்த நான்கில் எதுவும் போரை முடிக்கவில்லை. முதல் முறை அதிபர் ரீ ஜூன் 27 அன்று நகரை விட்டுப் போய்விட்டார். மக்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. 28-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணி அளவில் ஹான் ஆற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாலத்தின் மேல் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தென்கொரியப் படையின் பெரும்பகுதி தன் பீரங்கிகளோடும் வண்டிகளோடும் வடகரையிலேயே சிக்கிக்கொண்டது. வடகொரிய டாங்கிகள் பாலத்தருகே வர இன்னும் பல மணி நேரம் இருந்தது. பாலத்தைத் தகர்த்த பொறியாளர் படை அதிகாரிக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1964-ல் மறுவிசாரணை நடந்தது. மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினார், அவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது.